நாற்பது ஜோடிக் கொலுசுக்குப் படம் எடுத்த ஸ்டுடியோ: ஒரு மதிப்புரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறது. வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து, கொலுசைக் கையில் எடுத்துக் குலுக்கி, சலங்கையின் சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டு, டச், அதாவது வெள்ளியின் தரம், எவ்வளவு என்று விசாரித்து, எடை போட்டு வாங்கிப் போகும் தொழில் இது. ஆகவே நல்ல படம் ஒன்று வேண்டும் என்ற எண்ணமே என் அப்பா காலம் வரை யாருக்கும் வந்ததில்லை. நான் இணையத்தில் நேரடியாக விற்கத் தொடங்கிய பிறகுதான், வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் படம் ஒன்றுதான் கொலுசு என்பது விளங்கியது.

முதலில் திருமணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரை அழைத்தோம். அவர் சிவப்பு வெல்வெட் துணியில் கொலுசைப் பரப்பி, மண்டபத்தில் பயன்படுத்தும் மஞ்சள் விளக்கை வைத்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளி பித்தளையாகிவிட்டது. போதாததற்கு, துணியின் சிவப்பு ஒவ்வொரு சலங்கையின் அடிப்பக்கத்திலும் ஏறி, துரு பிடித்த இரும்பைப் போலத் தெரிந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மணமகளின் முகத்தை அழகாக எடுக்கத் தெரிந்தவருக்கு அவள் காலில் கிடப்பதையும் எடுக்கத் தெரியும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டதுதான் தவறு.

அதன்பின் போன இடம்தான் இந்த மதிப்புரைக்கு உரியது. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம், ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கும் ஸ்டுடியோ. பொருள்களை மட்டுமே படம் எடுக்கிறார்கள். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நிறையோடு குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தக் குறைகளில் பாதியை அவர்கள் கேட்டவுடன் சரிசெய்தும் கொடுத்தார்கள். ஆடித் திருவிழா முடிந்த கையோடு, தீபாவளி விற்பனைக்குள் படங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நாற்பது டிசைன்களை எடுத்துக்கொண்டு போனோம்.

போவதற்கு முன்பே தொலைபேசியில் ஸ்டுடியோ உரிமையாளர் சொன்ன இரண்டு விஷயங்களில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்து வர வேண்டாம், நூலால் கட்டுங்கள் என்றார். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பது பட்டறைக்காரனுக்குத் தெரிந்த சங்கதி. கேமரா பிடிப்பவருக்கும் தெரிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. பாலிஷ் போட்ட அன்றைக்கே கொண்டு வாருங்கள், ஆனால் பாலிஷுக்குப் பிறகு யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பது இரண்டாவது. நாங்கள் வழக்கம்போல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, டிசைன் வாரியாகப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனோம். அப்படியும் முதல் கொலுசிலேயே என் கட்டைவிரல் ரேகை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ரேகை, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஆறு வரப்பாகப் பதிந்திருந்ததைக் கண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

எங்கள் பட்டறையில் முப்பது வருடமாகக் கொலுசின் இணைப்புகளைப் பொடி வைத்துப் பற்றவைக்கும் அண்ணன் ஒருவரையும் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் கொலுசை வெள்ளை அக்ரிலிக் பலகையில் வைத்து, விளக்கைப் போட்டு, ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கியவுடன் அவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஒவ்வொரு முத்துக்குள்ளயும் நீங்கதான் நிக்கறீங்க" என்றார். உண்மைதான். வரிசையாகத் தொங்கிய இருபத்திரண்டு சலங்கைகளிலும் கேமராவும் அதன் பின்னால் கறுப்புச் சட்டை அணிந்த ஒரு மனிதரும், பக்கவாட்டில் ஜன்னலும், கூரையில் மின்விசிறியும் குட்டி குட்டியாகத் தெரிந்தன. உலோகங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிக அதிகமாகத் திருப்பி அனுப்புவது வெள்ளிதான். விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அளவுக்குத் திரும்பி வரும். சலங்கையோ உருண்டை. உருண்டையான கண்ணாடி முன்னால் இருப்பதை மட்டும் காட்டாமல் அறை முழுவதையும் சுருக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். ஆகவே கொலுசைப் படம் எடுக்கிறவர், கொலுசைச் சுற்றி இருக்கும் அறையைத்தான் ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கிறது.

அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொலுசைச் சுற்றி நான்கு பக்கமும் மேலேயும் மெல்லிய வெள்ளைத் துணியால் கூடாரம் அமைத்து, விளக்குகளைத் துணிக்கு வெளியே நிறுத்தினார். கேமராவின் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்தார். சலங்கைகளில் இருந்த மனிதர் மறைந்து, ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் படத்தில் வெள்ளி செத்துக் கிடந்தது. எல்லாப் பக்கமும் வெள்ளையே பிரதிபலித்ததால் கொலுசு அலுமினியத் தகட்டில் வெட்டிய பொம்மைபோல் தட்டையாக இருந்தது. பிறகு அவர் விரல் அகலத்துக்குக் கறுப்பு அட்டைகளை நறுக்கி, கூடாரத்துக்குள் இடதும் வலதுமாக ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார். ஒரு அட்டை அரை அங்குலம் முன்னால் வந்தபோது ஒவ்வொரு சலங்கையின் ஓரத்திலும் மெல்லிய கறுங்கோடு விழுந்து, உருண்டை உருண்டையாகத் திரண்டு எழுந்தது. கம்பி வேலையின் முறுக்கும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த ஒரு கோட்டுக்காக அவர் செலவிட்ட நேரம் நாற்பது நிமிடம். மொத்தச் செலவில் நான் முழு மனத்தோடு கொடுத்த காசு அந்த நாற்பது நிமிடத்துக்கு உரியதுதான்.

யூடியூபில் பார்த்த அறிவை வைத்துக்கொண்டு, லென்ஸில் ஒரு போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி, போட்டால் பிரதிபலிப்பு எல்லாம் போய்விடாதா என்று நான் கேட்டேன். கண்ணாடியிலும் தண்ணீரிலும் படும் பளபளப்புக்கு அது பலன் தரும், உலோகத்துக்குத் தராது என்றார். விளக்கின் முன்பாகவும் அதே வகைத் தாளை மாட்டினால் குறைக்கலாம், ஆனால் பளபளப்பே இல்லாத வெள்ளியை யார் வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார். அதற்குமேல் நான் யோசனை சொல்லவில்லை.

நெருங்கி எடுக்கும்போது இன்னொரு தொல்லை இருக்கிறது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் திருகாணியைக் கூர்மையாக எடுத்தால், அதற்கு இரண்டு விரற்கடை பின்னால் இருக்கும் மயில் மங்கிவிடுகிறது. லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கினாலும் ஓரளவுக்குத்தான் உதவும். மிகவும் சுருக்கினால் படம் முழுவதுமே கூர்மை குறைந்துவிடும். அதனால் சாய்வாக வைத்த ஒவ்வொரு கொலுசுக்கும் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பன்னிரண்டு, பதினான்கு படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கினார்கள். பதினான்கும் முடியும்வரை சலங்கை அசையக்கூடாது. மின்விசிறியை நிறுத்தினார்கள், ஏசியையும் நிறுத்தினார்கள். தெருவில் தண்ணீர் லாரி போனபோது சலங்கை நடுங்கியது. அந்த அடுக்கு முழுவதும் வீணாகி மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். ஆவணி மாதச் சேலத்தில் காற்றே இல்லாத அறையில் இரண்டு நாள் நின்றோம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு முறை விளக்கை மாற்றியபோதும் நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். எனாமல் வைத்த ஆறு டிசைன்களில் பச்சையும் சிவப்பும் கையில் இருப்பதைப் போலவே வந்தன. அமேசான் போன்ற தளங்களில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 என்ற அளவில் இருக்க வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதிக்கு ஏற்ப அளந்து கொடுத்தார்கள். ஒரு படமும் திருப்பி அனுப்பப்படவில்லை.

ஆனால் இந்த 85 சதவீத விதி கொலுசுக்கு ஒரு வம்பைச் செய்கிறது; அதை ஸ்டுடியோ முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். நாற்பது கிராம் எடையுள்ள மெல்லிய கொலுசும், நூற்று இருபது கிராம் எடையுள்ள கெட்டிக் கொலுசும், கைக்குழந்தைக்குச் செய்த ஐந்து அங்குலக் கொலுசும் சட்டகத்தை ஒரே அளவுக்கு நிரப்பி, ஒரே அளவாகத் தெரிகின்றன. எடையையும் நீளத்தையும் எழுத்தில் போட்டிருந்தாலும் வாங்குபவர் படிப்பதற்கு முன் பார்த்துவிடுகிறார். தருமபுரியிலிருந்து வாங்கிய ஒரு பெண்மணி, "படத்துல மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்துச்சு, வந்தது நூல் மாதிரி இருக்குதுங்க" என்று வருத்தத்தோடு எழுதினார். அவர் சொன்னதில் தவறில்லை. காலில் போட்டு எடுத்த படம் ஒன்று ஒவ்வொரு டிசைனுக்கும் கட்டாயம் வேண்டும் என்பதை நான் அதன் பிறகே உணர்ந்தேன். நாங்கள் பதினைந்து டிசைனுக்கு மட்டும்தான் அப்படி எடுத்திருந்தோம்.

அந்தப் பதினைந்து படங்களுக்கும் என் மைத்துனியின் கால்தான். கருத்த, மெல்லிய, மருதாணி வைத்த பாதம். வெள்ளி அதில் நிலவுபோல் கிடந்தது. திருத்தி அனுப்பிய படங்களைத் திறந்தபோது பாதம் கோதுமை நிறமாகியிருந்தது. எடிட்டிங் செய்யும் பையன் கேட்காமலேயே நிறத்தை ஏற்றிவிட்டான். அவனைக் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றான். எனக்குக் கோபம் வந்ததற்குக் குடும்பக் காரணம் ஒன்று இருந்தாலும், தொழில் காரணமும் இருந்தது: தோல் வெளுக்க வெளுக்க வெள்ளிக்கும் தோலுக்கும் இருந்த வேறுபாடு குறைந்து, கொலுசு மங்கிப்போயிருந்தது. பழைய நிறத்துக்கு மாற்றச் சொன்னேன். மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இரண்டு மாதம் கழித்துத்தான் வெளிப்பட்டது. கொலுசு ஜோடியாக விற்கும் பொருள். நேரத்தைச் சேமிக்க, சில டிசைன்களில் ஸ்டுடியோ ஒரு காலின் கொலுசை மட்டும் எடுத்து, அதைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்து ஜோடியாக்கியிருந்தது. வெறும் கம்பிப் பின்னலில் இது யார் கண்ணுக்கும் தெரியாது. மயில் டிசைனில் தெரியும். எங்கள் டையில், அதாவது அச்சில், வெட்டிய மயில்கள் இரண்டு கொலுசிலும் ஒரே திசையைப் பார்க்கின்றன. படத்திலோ இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பொருள் கைக்கு வந்ததும் ஒரு வாடிக்கையாளர், ஜோடி மாறிவிட்டது, இரண்டும் ஒரே காலுக்கு உரியவை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், திருகாணியின் மரையும் எதிர்த்திசையில் சுற்றிப் போயிருந்தது. பற்றவைக்கும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த மயிலு படத்துக்கு மட்டும்தான் ஆகும்" என்று சொல்லி எழுந்து போனார்.

அதே வேலையில் இன்னொன்றையும் கண்டுபிடித்தோம். கொக்கிக்குப் பக்கத்தில் பொடி வைத்துப் பற்றவைத்த இடத்தில் ஒரு சிறு திரட்சி இருக்கும். கையால் செய்த கொலுசில் அது இருந்தே தீரும். எடிட்டிங்கில் அதைத் தூசி என்று நினைத்தார்களோ என்னவோ, ஏழெட்டுப் படங்களில் வழித்து எடுத்துவிட்டார்கள். விரல் ரேகையையும் தூசியையும் நீக்குவதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். எங்கள் ஆள் வைத்த பற்றை நீக்குவதற்கு அல்ல. ஸ்டுடியோ உரிமையாளரிடம் இரண்டையும் காட்டியபோது அவர் வாதாடவில்லை. ஒன்பது டிசைன்களை மீண்டும் கொண்டு வரச் சொல்லி, இரண்டு கொலுசையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தார்.

ஏற்காட்டில் எடுத்த அரைநாள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனி மூடிய காலையில் மலையில் எடுத்தால், வானமே பெரிய வெள்ளைத் துணியாகி ஒளியைப் பரப்பிவிடும், நிழல் விழாது என்பது அவருடைய யோசனை. காரணம் சரிதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் விடியுமுன் ஏறி, தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், பாசி படிந்த கல்படிகளில் மைத்துனியை நிற்க வைத்து எடுத்தோம். பனி இருந்தது, ஒளியும் மென்மையாகவே இருந்தது. ஆனால் சுற்றிலும் காப்பிச் செடி. அந்தப் பச்சை முழுவதையும் வெள்ளி வாங்கிக்கொண்டது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் எங்கள் சில்வர் பச்சையாக நின்றது என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு அந்தக் குளிரில் யாரும் சிரிக்கவில்லை. குளிர்ந்த காரிலிருந்து எடுத்த லென்ஸில் ஈரம் படிந்து அரைமணி நேரம் போனது வேறு. எடுத்த இருபத்தைந்தில் நான்கைத்தான் பயன்படுத்தினோம். அந்த நான்கும் கொலுசு சிறிதாகவும் படிக்கட்டு பெரிதாகவும் தெரிபவை, விளம்பர அட்டைக்கு அழகானவை. பொருளைக் காட்ட விரும்புகிறவர்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கணக்கைச் சொல்கிறேன். வெள்ளைப் பின்னணிப் படம் ஒன்றுக்கு 180 ரூபாய். நாற்பது டிசைனுக்கு மூன்று கோணம் வீதம் 120 படங்களுக்கு 21,600 ரூபாய். காலில் போட்ட படம் ஒன்றுக்கு 600 வீதம் 9,000 ரூபாய். ஏற்காட்டுக்கு 8,000 ரூபாய். ஆக 38,600, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,948 சேர்த்து 45,548 ரூபாய் கொடுத்தோம். நாங்கள் பதிவு பெற்ற வியாபாரிகள் என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். ஏழு நாளில் தருவதாகச் சொன்ன படங்கள் பதினொன்றாம் நாள் வந்தன. அதிலும் முதல் தொகுப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதால் சுருங்கிப்போய், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கேட்ட பிறகு முழு அளவில் டிரைவில் ஏற்றினார்கள்.

பொருளை ஒப்படைக்கும் முறையில் அவர்கள் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் கொடுத்த ரசீதில் "கொலுசு 40 ஜோடி" என்று மட்டும் இருந்தது, எடையே இல்லை. எங்கள் தொழிலில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட உருக்கி வெள்ளி எடுப்போம். ஆகவே நான் கையோடு தராசைக் கொண்டுபோய், ஒவ்வொரு ஜோடியையும் அவர் முன்னால் நிறுத்து எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதனால்தான் திரும்ப எடுத்தபோது ஒரு ஜோடியில் அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவது தெரிந்தது. ஒரு திருகாணியைக் காணவில்லை. கொலுசை நிமிர்த்தி நிறுத்துவதற்கு வைத்திருந்த ஒட்டுப் பசை உருண்டைக்குள் அது புதைந்து கிடந்ததை, அண்ணன்தான் பசையைப் பிசைந்து பார்த்துக் கண்டெடுத்தார். திருட்டு இல்லை, கவனக்குறைவுதான். என்றாலும் வெள்ளி, தங்கம் கொடுப்பவர்கள் தராசு இல்லாமல் போக வேண்டாம்.

உரிமை பற்றியும் ஒரு வரி. எடுத்த படங்களைத் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்வோம் என்று அவர்களுடைய விலைப்பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்தச் சிறிய எழுத்தில் கையெழுத்துப் போட்டால் அதுவே வேறு ஒப்பந்தமாகிவிடக் கூடும். கொலுசுத் தொழிலில் புது டிசைன் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே பக்கத்துத் தெருவில் அதே டை வெட்டப்படும். தீபாவளி முடியும்வரை எதையும் போடக்கூடாது என்று பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, சொன்னபடியும் நடந்துகொண்டார்.

இவ்வளவுக்கும் பிறகு மீண்டும் அங்கேதான் போகிறேன். கறுப்பு அட்டையை அரை அங்குலம் நகர்த்துவதற்கு நாற்பது நிமிடம் செலவிடுகிற ஒருவரைச் சேலத்தில் எனக்கு வேறு தெரியாது. தை மாதத்துக்கு முன் இருபத்தைந்து மெட்டி டிசைன்களுக்குப் பேசியிருக்கிறோம். இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும், பற்றைத் தொடக்கூடாது, தோல் நிறத்தைத் தொடக்கூடாது, ஒவ்வொரு டிசைனுக்கும் விரலில் போட்ட படம் ஒன்று வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்ததற்கு, படம் ஒன்றுக்கு 180 என்பதை 210 ஆக்கியிருக்கிறார். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். தராசை இந்த முறை அவரே வாங்கி வைத்திருக்கிறாராம்; என்றாலும் எங்களுடையதையும் எடுத்துப் போவோம் என்கிறார் அண்ணன்.